கொடைக்கானல் சூரிய ஆய்வகம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல் கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஒரு வானியல் ஆய்வகம் ஆகும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் இதனை நடத்தி வருகிறது. சூரியப் புள்ளிகளில் நிகழும் வளிம ஓட்டமான எவர்செட் விளைவு 1909 ஆம் ஆண்டில் இங்கு கண்டறியப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாள்தோறும் எடுக்கப்பட்டு வரும் சூரியப் படங்களின் தொகுப்பும் இவ்வாய்வகத்தின் சிறப்பாகும். ஆய்வகத்தைச் சுற்றியுள்ள பகுதி உள்ளூரில் "அப்சர்வேட்டரி" என்றே அழைக்கப்படுகிறது.

பின்னணி

இவ்வாய்வகத்தின் முன்னோடி சென்னை வானாய்வகம் ஆகும். 1786 இல் வில்லியம் பெட்ரி என்பவர் தனிப்பட்ட முறையில் தொடங்கிய அந்த ஆய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் அமைத்தது. அங்கு பணியாற்றிய நார்மன் போக்சன் 1861 இல் "ஏசியா" என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அவருடைய உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறும் விண்மீனைக் கண்டறிந்தார்.

1876–78 ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுப்பெற்றது. தொடர்பு உறுதியானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்று நம்பப்பட்டது. சூரியனை ஆராய்வதற்கென்றே மலைமேல் ஓர் ஆய்வகம் அமைக்க 1893 இல் முடிவு செய்யப்பட்டதற்கு இந்த நம்பிக்கையே முக்கியக் காரணமாகும்.

இடத் தேர்வும் தொடக்கமும்

வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியிலேயே தூசியும் நீராவியும் மிகுதி. வெயிலில் சூடாகும் தரையிலிருந்து எழும் காற்று, தொலைநோக்கியில் தெரியும் உருவத்தை நடுங்கச் செய்கிறது. திண்டுக்கல் சமவெளியைவிடக் கொடைக்கானல் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரமானது. எனவே இக்குறைகள் இங்கு பெரிதும் தணிகின்றன. குறிப்பாகக் காலை வேளையில் சூரியனின் உருவம் தெளிவாகக் கிடைக்கிறது.

சார்லஸ் மிச்சி சிமித் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1895 இல் அப்போதைய சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 இல் வானியற்பியல் பணிகள் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. முறையான நோக்கீடுகள் 1901 இல் தொடங்கின.

எவர்செட் விளைவு

ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்செட் 1907 இல் இங்கு பணியில் சேர்ந்தார். சூரியப் புள்ளிகள் சூறாவளி போன்ற சுழல்கள் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. 1909 சனவரி 5 அன்று சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பதிவு செய்தபோது, புள்ளியைச் சூழ்ந்த மங்கலான பகுதியில் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதை எவர்செட் கண்டார்.

ஒளி தரும் பொருள் நம்மை நெருங்கும்போது கோடுகள் நீல நிறப் பக்கமும், விலகும்போது சிவப்பு நிறப் பக்கமும் நகரும். இது டாப்ளர் விளைவு எனப்படும். சூரிய வட்டின் நடுவிலுள்ள புள்ளியில் இந்த நகர்வு காணப்படவில்லை. விளிம்பை நோக்கியுள்ள புள்ளிகளிலேயே தெரிந்தது. ஆகவே வளிமம் சுழலவில்லை என்றும், புள்ளியின் மையத்திலிருந்து சூரியப் பரப்பை ஒட்டி நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என்றும் அவர் முடிவு செய்தார். மேலேயுள்ள நிறமண்டலத்தில் ஓட்டம் உள்நோக்கி இருப்பதும் பின்னர் அறியப்பட்டது.

எவர்செட் 1911 முதல் 1923 வரை இயக்குநராகப் பணியாற்றினார். அவருடைய மனைவி மேரி எவர்செட் சூரியத் தீச்சுவாலைகள் குறித்து இங்கு ஆராய்ந்து வெளியிட்டார்.

கருவிகளும் படத் தொகுப்பும்

* வெண்ணொளிப் படங்கள்: 1904 முதல் எடுக்கப்படுகின்றன. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை, பரப்பு, இடம் ஆகியவற்றை இவற்றிலிருந்து அளக்கலாம்.
* கால்சியம் கே கோட்டுப் படங்கள்: 20 ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கின. நிறமண்டலத்தில் காந்தப்புலம் மிகுந்த இடங்கள் இவற்றில் ஒளிமிக்கவையாகத் தெரியும்.
* ஐதரசன் ஆல்பா படங்கள்: 1912 முதல் எடுக்கப்படுகின்றன. தீச்சுவாலைகளை ஆராய உதவுகின்றன.
* சுரங்கத் தொலைநோக்கி: 1960 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. 11 மீட்டர் உயரக் கோபுரத்திலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்திற்குள் செலுத்துகின்றன. 38 செ.மீ. விட்டமுள்ள வில்லை, ஏறத்தாழ 34 செ.மீ. விட்டமுள்ள சூரிய உருவத்தைத் தருகிறது.

பழைய ஒளிப்படத் தட்டுகளும் படச்சுருள்களும் இலக்க வடிவிற்கு மாற்றப்பட்டுள்ளன. சூரியனின் காந்தப்புலத்தை நாள்தோறும் அளக்கும் வழக்கம் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எடுக்கப்பட்டவை என்பதால், கடந்தகாலச் சூரியச் செயற்பாட்டை மீட்டறிய இவை பயன்படுகின்றன.

இரவு வான ஆய்வு

1910 இல் ஆலியின் வால்வெள்ளி இங்கிருந்து படமெடுக்கப்பட்டது. ஆயினும் மழையும் மூடுபனியும் மிகுந்த இம்மலை, பெரிய இரவுத் தொலைநோக்கிக்கு ஏற்றதாக அமையவில்லை. 1960 இல் இயக்குநரான வைணு பாப்பு வேறு இடம் தேடி, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கு 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன.

1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்பிற்கு முன்பே விண்மீனின் ஒளி குன்றியது காவலூரிலும் பதிவாயிற்று. இந்தியப் பெருங்கடல் மீது பறந்த அமெரிக்க விமான ஆய்வகத்தின் பதிவுகளோடு சேர்ந்து, இது யுரேனசின் வளையங்களைக் கண்டறியத் துணைபுரிந்தது. 1988 இல் காவலூரில் இரா. இராசமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. 1986 இல் அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளது.

முக்கியத்துவம்

சூரியப் புள்ளிகளைக் கொண்டு பஞ்சத்தை முன்னறிவிக்கலாம் என்ற தொடக்க நம்பிக்கை நிறைவேறவில்லை. பருவமழையைக் கடல்வெப்பம், காற்றோட்டம் உள்ளிட்ட பல காரணிகள் தீர்மானிக்கின்றன. எனினும் அந்தக் கேள்விக்காகத் தொடங்கிய அன்றாடப் பதிவு நிறுத்தப்படாமல் ஏறத்தாழ பத்துச் சூரியச் சுழற்சிகளைக் கடந்துவிட்டது. செயற்கைக்கோள்களையும் மின்வலையமைப்புகளையும் பாதிக்கும் சூரியப் புயல்களை ஆராய்வோருக்கு இத்தகைய நீண்ட பதிவு இன்றியமையாதது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே ஆகும்.