மறக்கச் சொல்லாத மருத்துவர்

முதல் உலகப் போரைப் பற்றி நான் வகுப்பில் கற்பித்த பாடங்களில் உடன்படிக்கைகள் உண்டு, போர்க்களங்கள் உண்டு, ஆண்டுகளும் உண்டு. உடலில் காயம் ஒன்றுமின்றி, உள்ளம் மட்டும் உடைந்து திரும்பிய வீரர்களைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அவர்களுள் சிலருக்குப் பேச்சு நின்றது. சிலருக்குக் கைகால்கள் ஓயாது நடுங்கின. 1915இல் மயர்ஸ் என்னும் மருத்துவர் இந்நோயை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்ற பெயரால் மருத்துவ ஏட்டில் எழுதினார். குண்டின் அதிர்வு மூளையைக் குலுக்கியதே காரணம் என்று முதலில் எண்ணினர். குண்டின் அருகிலேயே இராதவர்க்கும் நோய் கண்டபோது அந்த எண்ணம் தளர்ந்தது. படைத்தலைவர் பலரோ இதனைக் கோழைத்தனம் என்றே கொண்டனர். களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் 306 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006ஆம் ஆண்டில்தான்!

1916இல் ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் என்னுமிடத்தில், இந்நோயுற்ற படை அதிகாரிகளுக்கென ஒரு மருத்துவமனை அமைந்தது. அங்கே பணியாற்றியவர் டாக்டர் ரிவர்ஸ். நமது நீலகிரிக்கு வந்து, தோடர்களிடையே ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டவரும் இவரே. பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் பழக்கம் அம்மலையில் அவருக்கு வலுப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

துன்புற்றவரிடம் நாமெல்லாரும் முதலில் சொல்வது, 'மறந்துவிடு' என்பதுதானே? அந்நாளைய மருத்துவரும் உறவினரும் அதையே சொன்னார்கள். நோயாளிகளும் பகலெல்லாம் முயன்று நினைவை அடக்கினார்கள். இரவில் அது கொடுங்கனவாக எழுந்தது. அடக்குவதே நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் கண்டார்.

ஓர் அதிகாரி தம் நண்பரைத் தேடிச் சென்று, தலையும் உறுப்புகளும் வேறு வேறாகச் சிதறிய உடலைக் கண்டவர். அக்காட்சி இரவுதோறும் வந்தது, உறங்கவே அஞ்சினார். ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. "உடல் இவ்வாறு சிதறியதே, உம் நண்பர் நொடியில் இறந்தார், நெடுநேரம் துடிக்கவில்லை என்பதற்குச் சான்று" என்ற பொருள்பட எடுத்துரைத்தார். சில இரவுகள் கனவே வரவில்லை. பின்னர் வந்த கனவில், அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, உறவினரிடம் சேர்ப்பிக்க வேண்டிய பொருள்களை எடுக்கிறார். இடைவாரைக் கழற்றும்போது விழித்துக்கொள்கிறார். கண்ணில் நீர் இருந்தது; அச்சம் இல்லை. திகில் போய்த் துக்கம் வந்திருந்தது. துக்கத்தை மனிதன் தாங்குவான்.

எல்லார்க்கும் இது வாய்க்கவில்லை. வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணமொன்றின்மீது முகம் பதிய விழுந்த மற்றோர் அதிகாரியின் நினைவில், ஆறுதல் தரும் ஒரு பக்கத்தையும் ரிவர்ஸால் காண இயலவில்லை. அவர் படையை விட்டு விலகி, போரை நினைவூட்டாத நாட்டுப்புற அமைதியை நாடுவதே வழி என்று முடிவாயிற்று. 1917 டிசம்பரில் மருத்துவர் அவையில் படித்த கட்டுரையில், ரிவர்ஸ் இதனையும் மறைக்காமல் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்றும் நீங்கள் அறியவேண்டும். குணமடைந்த அதிகாரி மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்படலாம். அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் தேறிய கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் அவ்வாறு திரும்பிச் சென்று, 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் ஓய்வதற்கு ஏழு நாட்களுக்கு முன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 25.