பாசியை வெல்ல இரண்டு வழிகள்: அமானோவும் வால்ஸ்டாடும்

மீன்தொட்டியில் பாசி படர்ந்துவிட்டது என்று சொன்னால், பல கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது மருந்துப் பாட்டிலைத்தான். அதை வாங்கி ஊற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். செம்பு கலந்த மருந்தாக இருந்தால் இறாலும் நத்தையும் சேர்ந்தே சாகும். பாசியை வளர்த்த வெளிச்சமும் சத்தும் தொட்டியில் அப்படியே இருப்பதால் கொஞ்ச நாளில் அது மறுபடி வரும்.

மருந்தில்லாமல் பாசியை அடக்க முடியும் என்று செய்து காட்டியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015). மற்றவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டயானா வால்ஸ்டாட். தாவரத் தொட்டிகளின் சூழலியல் பற்றிய அவருடைய நூல் 1999இல் வந்தது. செடிகள் செழித்தால் பாசி தானே ஒடுங்கும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. செடிகளை எப்படிச் செழிக்க வைப்பது என்பதில்தான் பிரிகிறார்கள்.

அமானோவின் தொட்டியில் எல்லாமே வேகம். பளிச்சென்ற விளக்கு, சிலிண்டரிலிருந்து நுண்குமிழிகளாக இறங்கும் கரியமில வாயு, அளந்து ஊற்றும் திரவ உரம். காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரியமில வாயுகூட இருக்காது. இத்தகைய தொட்டிகளில் அதை 20, 30 மில்லிகிராம்வரை ஏற்றுகிறார்கள். செடி மளமளவென்று வளர்ந்து நீரிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவதை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். அப்படியும் தப்பும் பாசிக்கு இறால். இன்று உலகெங்கும் அமானோ இறால் என்றே விற்கப்படும் அந்தச் சிற்றிறாலைப் பாசி தின்னவென்றே தொட்டிக்குள் கொண்டுவந்து பரப்பியவர் அவர். அது வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இலை விளிம்பில் நின்று, முன்னங்கால் கொடுக்குகளால் மாற்றி மாற்றிக் கிள்ளி, இழை இழையாக வாய்க்குக் கொண்டுபோகும். ஆனால் மீன்தீனி தாராளமாகக் கிடைத்தால் பாசிப் பக்கம் திரும்பாது. அதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகவும் பெருகாது.

வால்ஸ்டாடின் தொட்டியில் சிலிண்டர் கிடையாது, உரப் பாட்டில் கிடையாது. அடியில் ஓர் அங்குலம் சாதாரண மண், அதன்மேல் மெல்லிய சரளைப் படுகை, முதல் நாளே நெருக்கமாக நட்ட செடிகள். தொட்டியைச் சன்னலோரம் வைக்காதே என்று எல்லோரும் சொல்ல, அவர் சன்னல் வெயிலைக் கொஞ்சம் வரவேற்கிறார். இது எப்படிச் சரிப்படும்? செடிக்கு வேர் உண்டு, பாசிக்கு இல்லை. இரும்புச்சத்து மண்ணுக்குள் வேருக்கு எட்டும். ஆக்சிஜன் நிறைந்த மேல்நீரிலோ சீக்கிரம் படிந்துவிடும். அதனால் நீரை நம்பியிருக்கும் பாசிதான் பட்டினி கிடக்கிறது என்பது அவருடைய வாதம். மண்ணிலுள்ள மக்கு சிதையும்போது கரியமில வாயுவும் தானே ஊறுகிறது. மதியத்துக்குள் செடிகள் அதைத் தீர்த்துவிடும் என்பதால் நடுப்பகலில் சில மணி நேரம் விளக்கை அணைத்து, வாயு மீண்டும் சேர இடம் கொடுக்கிறார். இந்த மதிய ஓய்வு எந்தத் தொட்டிக்காரரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது. ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளையும் அவர் விரும்புகிறார். அவை கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுத்து, நீரிலுள்ள அம்மோனியாவை வேரால் உறிஞ்சி, கீழே நிழலும் போடுகின்றன.

இரண்டையும் உற்றுப் பார்த்தால், வேறுபாடு நினைத்த அளவு பெரிதில்லை. அமானோவின் நிறுவனம் விற்கும் தொட்டி மண்ணும் சத்துள்ளதுதான். புதிதில் அம்மோனியா விடக்கூடியதுதான். ஆக இருவருமே செடியின் சோற்றைக் காலடியில் வைக்கிறார்கள். செடி வேர்பிடிக்காத முதல் சில வாரங்கள் இருவர் தொட்டியிலும் ஆபத்தானவை. வால்ஸ்டாட் வழியில் போகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘தண்ணீரே மாற்ற வேண்டாம்’ என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, எரு கலந்த தொட்டிச்செடி மண்ணைப் போட்டு, தண்ணீர் பச்சையாக மாறும்வரை சும்மா இருக்கிறார்கள். எருவில்லாத மண், தொடக்கத்தில் அடிக்கடி தண்ணீர் மாற்றம்: இந்த இரண்டும் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

கெட்டுப்போகும் விதத்தில்தான் இரண்டும் நிஜமாகவே வேறு. அமானோ முறையில் சிலிண்டர் தீர்ந்தால், அல்லது வாயு ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்தால், செடி திணறும்; இலை விளிம்புகளில் கருந்தாடிப் பாசி குஞ்சம் குஞ்சமாக முளைக்கும். பெயர் கருப்பு என்றாலும் அது சிவப்புப்பாசி இனம். பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் பச்சையம் கரைந்து செந்நிறம் தெரியும். இறால்கூட அதை அவ்வளவாகத் தொடாது. அந்த இலைகளை நறுக்கி எறிவதே மேல். வால்ஸ்டாட் தொட்டி மெதுவாகக் கெடும், மெதுவாகவே தேறும். இரண்டு நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அதிகம் கலங்காது.

நம் ஊர் வெயிலில் நீர் 30 டிகிரியைத் தொடும்போது வாயு கரைவதும் குறையும், அமானோ இறாலும் தளரும். அதனால் சென்னை, மதுரை வீட்டில் முதல் தொட்டி வைப்பவருக்கு நான் வால்ஸ்டாடையே சொல்வேன். செடிகளை அழகாக அடுக்கிக் காட்சி அமைக்க ஆசையும், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற நேரமும் உள்ளவர் அமானோவிடம் போகட்டும். எந்த வழியானாலும் புதுத் தொட்டிக்கு விளக்கு ஆறு மணி நேரம் போதும். கண்ணாடியில் படியும் பச்சையைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துவிட்டு, அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.