சாத்தாங்காட்டு நெல்லும் ஒரு ஜாடி மண்ணும்

போன மாசம் மாமா வீட்டு வேலைக்குக் கம்பி வாங்க சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் போயிருந்தோம். டீக்கடையில பக்கத்துல இருந்த பெரியவர், "இங்கெல்லாம் முன்ன நெல்லு வயலு தம்பி"ன்னார். எங்க பார்த்தாலும் லாரி, கம்பிக்கட்டு, துரு. எனக்கு சட்டுனு தோணினது: வயல் இருந்தப்பவே புகையும் வந்தாச்சே, அந்த நெல்லுல என்ன இருந்திருக்கும்?

மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது 1969. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970. அதை 2017-ல் தான் மூடினாங்க. நிலக்கரியில ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எரியும்போது ஆவியாகி, ஆறும்போது நுண்ணிய சாம்பல் மேல படிஞ்சு, காத்து போற பக்கம் போய் இறங்கும்.

ஈயம் பெரும்பாலும் இலையிலயும் உமியிலயும் ஒட்டிக்கும். மண்ணுல விழுந்தா அங்கேயே தங்கிடும். காட்மியம் தான் கில்லாடி. வயல்ல தண்ணி நிக்கிற வரைக்கும் கந்தகத்தோட சேர்ந்து சும்மா கிடக்கும். அறுப்புக்கு முன்னாடி தண்ணியை வடிப்போம் இல்லையா, அப்ப மண்ணுக்குள்ள காத்து புகுந்து அது விடுபடும். வேர் வழியா அரிசிக்குள்ளயே போயிடும். அரிசியைக் களைஞ்சா போற அழுக்கு இல்லைங்க இது. ஜப்பான்ல அன்னாகா ஊர்ல துத்தநாக உருக்காலைப் புகையால நிலம் கெட்டு, விவசாயிகள் 1972-ல் கோர்ட்டுக்கே போனாங்க.

இங்கிலாந்துல ராதம்ஸ்டட்னு ஒரு ஆராய்ச்சிப் பண்ணை. 1843-ல் லாஸ், கில்பர்ட்னு ரெண்டு பேர் கோதுமைச் சோதனை ஆரம்பிச்சாங்க. அங்க மண்ணையும் தானியத்தையும் வருஷக்கணக்கா சேமிச்சு வச்சாங்க. காட்மியத்தைப் பத்தி அப்ப யாருக்குக் கவலை? 1987-ல் வெளியான ஆய்வுக்காக அந்தப் பழைய மண்ணை எடுத்து அளந்தா, 1850-களை விட காட்மியம் 27 முதல் 55 சதவீதம் வரை ஏறியிருக்கு! லாஸ் ஒரு சூப்பர்பாஸ்பேட் முதலாளி, அந்த உரத்துலயே காட்மியம் உண்டு, அதனால தானேன்னு கேட்பீங்க. உரமே போடாத பாத்தியிலயும் ஏறியிருந்தது. அதெல்லாம் காத்துல வந்தது.

நம்ம திருவொற்றியூர் கோயில்ல, யார் எவ்வளவு நிலம் கொடுத்தாங்கன்னு சோழர் காலத்துலயே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. 1968-ல் யாராவது சாத்தாங்காட்டு மண்ணு ஒரு ஜாடி, நெல்லு ஒரு படி எடுத்து வச்சிருந்தா எவ்வளவோ கேள்விக்கு இன்னிக்கு பதில் கிடைச்சிருக்கும். அந்த மண்ணு இப்ப கம்பிக்கட்டுக்கு அடியில.

"அந்த நெல்லை நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"ன்னு பெரியவர்கிட்ட கேட்டேன்.

"பின்ன? வீட்டுக்குப் போக மிச்சத்தைத் தானே வித்தோம்."