லேப்டாப் வந்தது, அப்டேட் வரவில்லை

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை அடிவாரத்துக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர். அக்கா மகள் பரணில் இருந்து ஒரு லேப்டாப்பை இறக்கிக் கொடுத்தாள். 2012இல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. "மாமா, காலேஜ் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. எடுத்துக் கொடுங்க." பேட்டரி செத்துப்போயிருந்தது, சார்ஜரில் போட்டதும் உயிர் வந்தது. திரையில் இரண்டு தேர்வுகள்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ்.

"இந்த பாஸ்ல என்ன பண்ணுவ?"

"தெரியாம அதுக்குள்ள போயிட்டா, ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுவேன் மாமா."

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டம் வழியாக இது தமிழ்நாட்டின் பல வீடுகளுக்குள் போனது. அதற்கு முன்பே, உமாசங்கர் தலைமையில் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. கட்டற்ற மென்பொருளை இத்தனை பேர் கையில் கொண்டு சேர்த்த அரசுகள் அன்று அதிகம் கிடையாது. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் பாஸ் தனி மரம் இல்லை. அதன் வேர் டெபியன். 1993இல் இயன் மர்டாக் ஆரம்பித்த திட்டம், முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. அங்கே ஒரு பதிப்பு வெளிவரும் விதமே தனி. புதுப் பொதி முதலில் 'சிட்' என்ற கிளைக்குப் போகும் (டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர்!). பெரிய பிழை இல்லாமல் சில நாள் தாண்டினால் சோதனைக் கிளைக்கு நகரும். பிறகு ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் உறைய வைத்து, மோசமான பிழைகளைத் தீர்த்த பிறகே நிலைப் பதிப்பு. வெளியிட்ட பிறகு அதில் புது வசதி சேர்க்க மாட்டார்கள், ஓட்டைகளை மட்டும் வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த அடைப்பு வீடு வந்து சேர இணையம் வேண்டும். 2012இல் அக்கா வீட்டில் இணையம் ஏது? டேட்டா கார்டில் நூற்றுக்கணக்கான எம்பி இறக்குவது ஆகாத காரியம். குறைந்த விலை 4ஜி 2016 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் லினக்ஸ் நம்மிடம் தட்டில்தான் வந்தது: சென்னை லினக்ஸ் பயனர் குழு சந்திப்புகளில் நண்பர்கள் எழுதிக்கொடுத்த சிடி, லினக்ஸ் ஃபார் யூ இதழோடு வந்த டிவிடி, உபுண்டு இலவசமாகத் தபாலில் அனுப்பிய தட்டு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உபுண்டு அந்தத் தபால் சேவையை நிறுத்தியது 2011 ஏப்ரலில். நம்மூரில் மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது அதே வருடம் செப்டம்பரில். தட்டுக்காலம் முடிந்து இணையக்காலம் வராத அந்த இடைவெளியில்தான் இந்த லேப்டாப் வந்து விழுந்திருக்கிறது.

பாஸ் தரப்பில் வேலை நிற்கவில்லை. 2013இல் அனோகா, 2015இல் அனூப் என்று அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன. இந்தப் பெட்டிக்கு அது எதுவும் தெரியாது.

சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். 2014 செப்டம்பரில் பேஷ் நிரலில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை அம்பலமானது. 1989 முதல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. டெபியனில் சில நாட்களிலேயே சரிசெய்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். டெர்மினலைத் திறந்து அடித்தேன். ஓட்டை அப்படியே இருந்தது. பத்து வருடத்துக்கு மேலாகியும்!

இணையமே பார்க்காத பெட்டிக்கு ஓட்டை இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் போட்டோவை எடுத்தபின் இதை வைஃபையில் போட்டு மகனுக்குக் கொடுக்கப்போகிறாளாம். யுகேஜி படிக்கிறான்.

போட்டோக்களை முதலில் நகலெடுத்தேன். பிறகு பென்டிரைவில் இருந்து டெபியன் 12 நிறுவி, என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்டேட் ஓடவிட்டேன். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.