கையைக் காட்டினா வண்டி நிக்கணும்

மக்களே, எல்.எல்.ஆர். பரீட்சைக்கு நான் படிச்ச புத்தகத்துல இல்லாத கேள்வி ஒண்ணு கேக்குறேன்.

சாயல்குடியிலேர்ந்து வேம்பார் போற கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒருத்தர் நாப்பது அம்பது ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறார். பின்னாடி தூத்துக்குடி பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஆடெல்லாம் மிரள ஆரம்பிக்குது. அவர் திரும்பி நின்னு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுறார். டிரைவர் என்ன செய்யணும்?

அ) இன்னும் நல்லா ஹாரன் அடிக்கணும்.
ஆ) வலது பக்கமா ஏறிப் போயிடணும்.
இ) வண்டியை நிறுத்தணும்.

நம்ம ஊர் நடைமுறையில அ-வும் ஆ-வும் சேர்ந்துதான் விடை. சட்டத்துல விடை இ. ஏதோ மனிதாபிமானத்துக்காகச் சொல்லல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 132. விலங்கை ஓட்டிக்கிட்டு வர்றவர், அது கட்டுக்கு அடங்காமப் போயிட்டதுன்னோ, வண்டியைப் பாத்து மிரண்டு அப்படி ஆயிடும்னோ பயந்து நிறுத்தச் சொன்னா, டிரைவர் நிறுத்தணும். தேவையான நேரம் வரைக்கும் அங்கேயே நிக்கணும். சொல்றவர் போலீஸா இருக்கணும்னு அவசியமில்ல. கையில ஆடு இருந்தாப் போதும் :-)

விலங்குன்னா எதெதுன்னும் அதே பிரிவுல பட்டியல் இருக்கு. குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறி ஆடு, வெள்ளாடு. அவ்வளவுதான். நாய் இல்ல, பன்னி இல்ல, கோழி இல்ல. இங்கிலாந்தோட சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதே 1988-ல வந்ததுதான். விபத்து நடந்தா வண்டியை நிறுத்தணும்னு சொல்ற பிரிவுல அங்கயும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. அதுல நாயும் பன்னியும் இருக்கு, யானையும் ஒட்டகமும் கிடையாது. பட்டியலைப் பாத்தே அந்தந்த நாட்டு ரோட்டுல யார் யார் நடந்தாங்கன்னு சொல்லிடலாம் போல.

சரி, ஆட்டுக்காரருக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்துச்சு?

1865-க்குப் போகணும். அந்த வருஷம் இங்கிலாந்துல நீராவி வண்டிகளுக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க. 'செங்கொடிச் சட்டம்'னு பேரெடுத்தது அதுதான். ஊருக்குள்ள மணிக்கு 2 மைல், வெளியில 4 மைல் வேகம். வண்டிக்கு 60 கெஜம் முன்னாடி ஒரு ஆள் சிவப்புக் கொடியோட நடக்கணும். இன்னிக்குப் படிச்சா சிரிப்பு வருது. ஆனா அதுக்குள்ள இன்னொரு விதியும் இருந்துச்சு. குதிரையோட வர்ற எவர் கையைத் தூக்கினாலும் வண்டி அந்த இடத்துலயே நின்னாகணும். ரோடு குதிரைக்காரனோடது, யந்திரம் அதுக்குள்ள வந்த விருந்தாளி. அதுதான் அன்னிக்கு இருந்த நினைப்பு. 1896-ல வேற சட்டம் வந்து, முன்னாடி ஆள் நடக்குற கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு. தூக்கின கைக்கு இருந்த மரியாதை மட்டும் கப்பலேறி இந்தியா வந்துருச்சு.

இங்க நாடு முழுசுக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல. லைசென்ஸ் இல்லாம ஓட்டக்கூடாதுன்னு அது சொல்லுச்சு. அடுத்தது 1939. நிறுத்தச் சொல்ற விலங்குக்காரரை அந்தச் சட்டத்துலயே பாக்கலாம். அதை எடுத்துட்டுத்தான் 1988 சட்டம். பழசு 1939 ஜூலை 1-ல அமலுக்கு வந்துச்சு, புதுசு 1989 ஜூலை 1-ல. கணக்கா 50 வருஷம்.

நம்ம ராமநாதபுரம் சீமைக்காரங்களுக்கு இந்த வருஷமெல்லாம் வேற விதமா மனப்பாடம். 1914 பிப்ரவரியில பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. ராமேஸ்வரம் தீவுக்கு ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ல. அதுக்குச் சரியா 12 நாள் கழிச்சு, அக்டோபர் 14-ல, மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சுது. தீவுக்குள்ள பஸ்ஸும் காரும் ரோட்டு வழியா நுழைஞ்ச மாசமும், இப்ப நாம லைசென்ஸ் வாங்குற சட்டம் பிறந்த மாசமும் ஒண்ணுதான். எதேச்சைதான், ஆனா மறக்க முடியாது.

அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்து ரோட்டுல யார் போனாங்க? ராமேஸ்வரம் யாத்திரைக்காரங்க நடந்தாங்க. அவங்களுக்காகத்தான் சேதுபதிகள் வழியெல்லாம் சத்திரம் கட்டினாங்க. கருப்பட்டியும் உப்பும் மாட்டு வண்டியில போச்சு. கிடை ஆடு ஊர் ஊரா நடந்துச்சு. அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி கிடை போட்டா எரு கிடைக்கும், ஆட்டுக்காரருக்குக் கூலி கிடைக்கும். எட்டயபுரம் பக்கத்து வேம்பூர் பேர்லயே ஒரு செம்மறி இனம் இருக்கு, கால் நீளமா, நடக்கறதுக்குன்னே பிறந்த மாதிரி. அதுங்களுக்கு ரோடுதான் வழி, வேற வழி கிடையாது. இன்னிக்கும் அப்படித்தான். மாறினது பஸ்ஸோட வேகம்.

இப்ப பரீட்சைக்கு வருவோம். எல்.எல்.ஆர். தேர்வுல என்னென்ன கேக்கணும்னு 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 11-ம் விதி சொல்லுது. போக்குவரத்துக் குறியீடுகள், சிக்னல்கள், 118-ம் பிரிவின்படி போட்ட சாலை விதிகள். அப்புறம் விபத்து நடந்தா டிரைவரோட கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும்போது கவனம், கையில வெச்சிருக்க வேண்டிய காகிதங்கள். நல்ல பட்டியல்தான். ஆனா ஆட்டுக்காரரோட உரிமை இருக்கிறது 132-ம் பிரிவுல. பட்டியல்ல அது தனியா இல்ல. எங்க தொழில் பாஷையில சொன்னா, ஸ்பெக்ல இருக்கு, டெஸ்ட் கேஸ்ல இல்ல. டெஸ்ட் கேஸ்ல இல்லாததை யாரும் கவனிக்க மாட்டாங்க, இது எங்க எல்லாருக்கும் தெரியும்.

முக்கோணத்துக்குள்ள மாடு வரைஞ்ச எச்சரிக்கைப் பலகை நான் படிச்ச புத்தகத்துல இருக்கு. அந்த மாட்டுக்காரர் கையைக் காட்டினா என்ன பண்ணணும்ங்கிறது இல்ல. ராம்நாட்டுல மலையே கிடையாது, ஆனா மலைப்பாதையில மேல ஏறுற வண்டிக்குத்தான் முதல்ல வழி விடணும்னு உருப்போடுறோம். தினமும் எதிர்ல வர்ற ஆட்டு மந்தைக்கு ஒரு வரி கூடப் படிக்கிறதில்ல.

2017-ல சாலை விதிகளைப் புதுசா எழுதினாங்க. நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க, குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள், இவங்ககிட்ட டிரைவர் விசேஷ கவனம் எடுக்கணும்னு அதுல சேர்த்தாங்க. நல்ல மாற்றம். ஆனா 'கவனம் எடு'ன்னு டிரைவருக்குச் சொல்றது வேற, 'நீ நிறுத்தலாம்'னு நடக்குறவர் கையில அதிகாரம் குடுக்குறது வேற. எனக்குத் தெரிஞ்சு போலீஸ் இல்லாத ஒரு ஆளுக்கு அந்த அதிகாரத்தைக் குடுக்குற பழைய வரி இது. அதையும் யாரும் அவர்கிட்ட சொல்லல. ஆடு அடிபட்டா, "ரோட்டுல ஏன்யா ஓட்டிட்டு வந்தே?"ன்னு அவரைத்தான் திட்டுறாங்க. நாலு ஆடு போனா ஒரு குடும்பத்தோட வருஷக் கணக்கே மாறிப்போயிடும்.

இதுக்குப் புதுச் சட்டம் ஒண்ணும் வேண்டாம். கேள்வித்தாள்ல ஒரு கேள்வி சேர்த்தாப் போதும், மேல நான் கேட்டதையே எடுத்துக்கட்டும், காப்பிரைட் கேக்க மாட்டேன் :-)

உங்க ஊர் டிரைவிங் ஸ்கூல்ல இதை யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? இருந்தா எழுதுங்க, தெரிஞ்சுக்கிறேன்.