கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்கள்



விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் சோழனோ பரமேஸ்வராவோ வருவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். இது மூக்குக் கண்ணாடியின் கதை. இன்னும் சரியாகச் சொன்னால், கண்ணாடியே வேண்டாம் என்று சொன்னவர்களின் கதை. இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டப் பள்ளியில் நான் படித்த காலத்தில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் கரும்பலகையைப் பார்க்கவே மாட்டான். என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். நான் தப்பாக எழுதினால் அவனுக்கும் தப்பு. படிப்பு ஏறாத பிள்ளை என்று அவனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து என் நோட்டும் தெரியாமல் போயிற்று. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான். பல வருஷம் கழித்து லாரி லைசன்ஸ் எடுக்கப்போன இடத்தில் கண்ணைச் சோதித்தார்கள். கிட்டப்பார்வை! கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் ரோட்டோர மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றானாம். “எலையெல்லாம் தனித்தனியா இருக்குடா” என்று என்னிடம் சொன்னான்.

அவனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று அவன் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. “சின்ன வயசுல கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கு அடிமையாயிருங்க. பொன்னாங்கண்ணி ஆக்கிக் குடுத்தா சரியாப் போயிரும்” என்று அந்தம்மா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அவர் முட்டாள் அல்ல. இரண்டு வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

மூக்குக் கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் தோன்றியது. அதைக் கழற்றி எறியச் சொன்ன இயக்கம் தோன்றியதோ நியூயார்க்கில், ஒரு கண் டாக்டரின் கையால். அவர் பெயர் வில்லியம் ஹொரேஷியோ பேட்ஸ். 1860-இல் பிறந்தவர், முறையாக மருத்துவம் படித்தவர். விசித்திரமான மனிதர். 1902-இல் வீட்டை விட்டுக் காணாமல் போனார். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் தன் நினைவே இல்லாத நிலையில் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் காணாமல் போய், அமெரிக்காவின் வடக்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் 1903-இல் அவர் ஒரு காரியம் செய்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

1920-இல் பேட்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். கண்ணாடி இல்லாமலே முழுப் பார்வை பெறலாம் என்பதுதான் அதன் தலைப்பும் சாரமும். பார்வைக் கோளாறுக்கெல்லாம் காரணம் மனத்தின் இறுக்கம் என்றார். உள்ளங்கையால் கண்ணைப் பொத்தி இருட்டை நினை, உடம்பை இடமும் வலமும் ஆட்டு, எழுத்தட்டையைத் தினமும் படி, சூரியனைப் பார் என்பவை அவர் சொன்ன வழிகள். இதில் சூரியனைப் பார்க்கச் சொன்னது பெரும் ஆபத்து. விழித்திரை வெந்து, நடுப்பார்வை போய்விடும். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு நேர்வதும் இதுதான். பிள்ளைகளே, விளையாட்டுக்குக்கூட அதைச் செய்யாதீர்கள்.

அவருடைய கொள்கைக்கு அடிப்படை என்ன தெரியுமா? கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் கண் உருண்டையையே நீட்டியும் குறுக்கியும் தூரத்தையும் பக்கத்தையும் பார்க்க வைக்கின்றன என்று அவர் நம்பினார். ஆனால் அந்த வேலையைச் செய்வது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் என்று தாமஸ் யங் 1801-லும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-லும் முன்பே காட்டிவிட்டார்கள். கிட்டப்பார்வைக்காரரின் கண் உருண்டை நீளமாக வளர்ந்திருக்கிறது. சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூடக் கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று பவர் ஏறிவிடும். வளர்ந்த எலும்பைப் பயிற்சி செய்து குட்டையாக்க முடியுமா? கண்ணும் அப்படித்தான். 1929-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அவருடைய விளம்பரங்கள் தவறான வழி காட்டுகின்றன என்று புகார் பதிவு செய்தது. 1931-இல் பேட்ஸ் காலமானார். அவர் முறை மட்டும் சாகவில்லை.

அதைச் சாகவிடாமல் வைத்தவர்களில் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. பதினாறு வயதில் கருவிழி நோயால் பார்வையில் பெரும்பகுதியை இழந்தவர். பேட்ஸ் முறையால் தமக்குப் பார்வை மேம்பட்டது என்று 1942-இல் ஒரு நூலே எழுதினார். பத்து வருஷம் கழித்து 1952-இல் ஒரு விருந்துக் கூட்டத்தில் கண்ணாடி இல்லாமல் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தார். சபை வியந்தது. நடுவில் திடீரென்று தடுமாறினார். தாளைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோயும் தெரியவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத்தான் தொடர வேண்டியிருந்தது. பேச்சை மனப்பாடம் செய்து வந்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அங்கே இருந்த பென்னட் செர்ஃப் என்ற பதிப்பாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதன் எவ்வளவு ஏங்கியிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

இனி நம் தமிழ்ப் பக்கம் வருவோம். பேட்ஸ் முறையை இந்தியாவில் பரப்பியவர் டெல்லிக் கண் மருத்துவர் ஆர். எஸ். அகர்வால். பின்னாளில் அவர் பாண்டிச்சேரிக்கு வந்தார். அங்குள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து 1968-இல் ஒரு கண் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. போனவர்கள் கண்ணில் மருந்துத் துளி விட்டுக்கொண்டு, இமையை மூடியபடி இளவெயிலில் முகத்தைக் காட்டுவார்கள். உடம்பை அசைப்பார்கள், கண்ணைக் கழுவுவார்கள், உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள். பந்தை எறிந்து பிடித்து அதன் போக்கைக் கண்ணால் தொடர்வார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொடி எழுத்துப் படிப்பார்கள். நம்ம ஊர் ஆட்கள் “பாண்டிச்சேரியில கண்ணாடிய கழட்டிர்றாங்களாம்” என்று சொல்வது இதைத்தான்.

அங்கே போனவர்கள் எல்லாரும் பொய் சொல்லவில்லை. இதை நியாயமாகப் பார்க்க வேண்டும். களைத்த கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் சுகமாக இருக்கும், தலைவலி குறையும். ஒரே அட்டையைப் பலமுறை படித்தால் எழுத்து மனப்பாடமாகிவிடும். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும், அப்போது கண்ணாடி இல்லாமலே கொஞ்சம் தெளிவாகத் தெரியும். நாம் கண்ணைச் சுருக்கிப் பஸ் நம்பரைப் படிப்பதும் அதே வித்தைதான். ஆனால் கண்ணை அளந்து பார்த்தால் பவர் அப்படியே இருக்கும். பயிற்சியால் பலன் கிடைக்கும் கோளாறுகளும் சில உண்டு. இரண்டு கண்ணும் பக்கத்துப் பொருளில் ஒன்றாகக் குவியாத குறைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு கண் சோம்பிப்போன குழந்தைக்கு, நல்ல கண்ணை மூடிச் சோம்பிய கண்ணை வேலை வாங்குகிறார்கள். அதிலும் பெரும்பாலும் கண்ணாடி போட்ட பிறகே மற்றது. சின்ன வயதிலேயே செய்ய வேண்டும், காலம் தாழ்ந்தால் பலன் குறைந்துகொண்டே போகும்.

சரி, அந்தம்மா சொன்ன பொன்னாங்கண்ணி? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. உண்மையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

கண்ணாடியும் கத்தியும் இல்லாமல் குணமாகும் கண் நோய் ஒன்று உண்டு. பொழுது சாய்ந்தால் பார்வை மங்கும் மாலைக்கண். முற்றினால் கருவிழி உலர்ந்து, கூழாகி, குழந்தை குருடாகிவிடும். காரணம் வைட்டமின் ‘ஏ’ பற்றாக்குறை. அந்தச் சத்தை விஞ்ஞானிகள் இனங்கண்டது 1913-இல். நீலகிரியில் குன்னூரில் ஓர் உணவு ஆராய்ச்சிச் சாலை இருந்தது. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி இருந்தது. குன்னூரின் அய்க்ராய்டும் எழும்பூரின் ரைட்டும் சேர்ந்து, கருவிழி கூழாகும் நோய் கண்டவர்களுக்கு ஓர் எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து 1937-இல் எழுதினார்கள். என்ன எண்ணெய் என்கிறீர்கள்? சிவப்பாக இருக்கும் செம்பனை எண்ணெய்! நம்முடைய ஆட்கள் தினமும் குலை வெட்டித் தள்ளுகிறார்களே, அதே பழத்தின் எண்ணெய். அந்தச் சிவப்பு நிறத்தைத் தரும் கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது.

உடனே கடைக்கு ஓடாதீர்கள். கடையில் விற்கும் மஞ்சள் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதே அந்தச் சத்து போய்விடுகிறது. முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, சாயூர் மானிஸ், பூசணி, கேரட், பப்பாளி, முட்டை, ஈரல் இவற்றில் அந்தச் சத்து உண்டு. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் சேரும். பெக்கான் நானாஸ்காரனாக இருந்துகொண்டு சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் உண்மை: நம் அன்னாசியில் வைட்டமின் ‘சி’ நிறைய, ‘ஏ’ மிகவும் சொற்பம்.

அந்தக் காலத்து மலாயாவில் இது உயிர் போகிற விஷயமாக இருந்தது. கொழுப்பு எடுத்த பாலில் சீனி போட்டு டின்னில் அடைத்த பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கொழுப்போடு வைட்டமின் ‘ஏ’யும் போயிருந்தது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பாலும் கொலையும் என்று தலைப்பே வைத்து, டின்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்பவர்களை நேருக்கு நேர் சாடினார். இந்திய அரசு 1970 முதல் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ‘ஏ’ சொட்டு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

ஆக, கீரை வேலை செய்யும், மாலைக்கண்ணுக்கு. நீளமாக வளர்ந்துவிட்ட கண் உருண்டையைக் கீரை என்ன செய்யும்?

‘கண்ணாடி போட்டால் கண் அடிமையாகும்’ என்பதையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள், எங்கோ அல்ல, நம் நாட்டிலேயே. கிட்டப்பார்வை உள்ள 94 மலேசியப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு முழுப் பவர் கண்ணாடியும், பாதிப்பேருக்கு வேண்டுமென்றே குறைந்த பவரும் கொடுத்து இரண்டு வருஷம் கவனித்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைந்த பவர் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பார்வை அதிகமாகக் கெட்டிருந்தது.

சீனப் பள்ளிகளில் 1963 முதல் கண்ணைச் சுற்றி விரலால் அழுத்தும் பயிற்சி நடந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்தும், 2018 கணக்கெடுப்பில் அங்கே பிள்ளைகளில் 53.6 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. தைவானில் வேறு வழியில் போனார்கள். 2010-இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிஷம் வெளியே, வெளிச்சத்தில் இருக்கச் சொன்னார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் பார்வை குறைந்தவர்கள் 2011-இல் 50 விழுக்காடு, 2015-இல் 46 விழுக்காடு. வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட உதவும், வந்ததை மாற்றாது. அப்படியானால் சாயங்காலம் திடலில் பந்து உதைக்கும் பையனைக் கூப்பிட்டு டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளைகளுக்கு நான் இந்தச் சலுகையை வாங்கித் தந்தேன் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

பேட்ஸ் செய்த காரியத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 1903-இல் கிராண்ட் ஃபோர்க்ஸ் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் கண் சோதிக்கும் எழுத்தட்டையை நிரந்தரமாக மாட்டினார். பிள்ளைகள் தினமும் அதைப் படித்தால் கண் கெடாது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு. ஆனால் அட்டையை மாட்டியது எவ்வளவு நல்ல யோசனை! அதைப் படிக்க முடியாத பிள்ளை யார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடுமே.

அதை நாமும் செய்யலாம். அட்டையை வெளிச்சமான சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். இருபது அடி, அதாவது ஆறு மீட்டர் அளந்து தரையில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். ஒரு கண்ணைக் காகிதத்தால் மறைத்து மறு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள், அந்தத் தந்திரமெல்லாம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் காதில் எழுத்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். தடுமாறும் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். முதலில், கடைசி பெஞ்சில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.