எடை குறைக்கும் கத்தி: முன்னும் பின்னும்

"பைபாஸ்" என்றதும் நம்மில் பலருக்கு இதயம்தான் ஞாபகம் வரும். வயிற்றிலும் பைபாஸ் உண்டு. அதற்கும் எழுபது வருஷச் சரித்திரம் இருக்கிறது. பழைய நண்பர்கள் கூடும் இடத்தில், "என்னப்பா இப்படி ஊதிட்டே! பேசாம ஆபரேஷன் பண்ணிக்க, ஒரே மாசத்துல இளைச்சுடலாம்" என்பார் ஒருவர். "ஐயோ, அது ஆளையே முடிச்சுடும்" என்று பயமுறுத்துவார் இன்னொருவர். இரண்டு பேச்சுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்பதை அந்தச் சரித்திரமே சொல்லும்.

அது சொல்லும் பாடம் ஒன்றுதான். மேசைமேல் நடப்பது ஓரிரண்டு மணி நேர வேலை. அதற்கு முன் செய்யும் ஆயத்தமும், பின்னால் ஆயுள் முழுக்கத் தொடரும் கவனிப்பும்தான் நோயாளியைக் காப்பாற்றுகின்றன. மருத்துவ உலகம் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நோயாளிகள் பட்ட பாட்டிலிருந்து தெரிந்துகொண்டது.

குடலைச் சுருக்கிய காலம்

சிறுகுடலின் எந்தப் பகுதி எந்தச் சத்தை உறிஞ்சுகிறது என்று அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் நாய்களை வைத்து ஆராய்ந்து, 1954-ல் கட்டுரை வெளியிட்டார்கள். குடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டால் உடம்பு இளைக்கும் என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது. 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸின் பெயின், டிவிண்ட் இருவரும் ஒரு கணக்கு வகுத்தார்கள். சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலத்தை எடுத்துக் கடைசி 4 அங்குலத்தோடு இணைக்க வேண்டும். விலங்கியல் வகுப்பில் தவளையை அறுத்தவர்கள் யோசித்துப் பாருங்கள்: மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி. அதில் உணவுக்குக் கிடைத்த வழி வெறும் ஒன்றரை அடி!

எடை குறைந்தது வாஸ்தவம். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, வைட்டமின் பற்றாக்குறை எல்லாம் வந்தன. சிலருக்கு ஈரலே செயலிழந்தது, உயிரிழந்தவர்களும் உண்டு. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. 1980 வாக்கில் இந்த முறையைக் கைவிட்டார்கள். ஈரல் கெடுவதும் சத்து வற்றுவதும் வெளியே தெரியாமல் மெல்ல நடப்பவை. "எடை குறைஞ்சுடுச்சு, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டால் அவை கண்ணில் படாது.

அயோவாவின் மேசன்

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் (1920-2020). அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டவர்கள் மறுபடி எடை போடாததை அவர் கவனித்தார். 1966-ல் சிகாஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து, இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைத்தார். இன்றைய இரைப்பை பைபாஸுக்கு அதுதான் மூலம். 1983-ல் இத்துறை அறுவை மருத்துவர்களுக்கென்று அமெரிக்காவில் சங்கம் அமைந்தபோது முன்னின்றவரும் அவரே. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பிற்கால நிலையைத் தொகுக்கும் பதிவேட்டையும் தொடங்கினார். அறுத்ததோடு கணக்கை மூடாதே என்பது அவர் வழி.

1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு இதற்கெல்லாம் விதி வகுத்தது. பி.எம்.ஐ. என்கிறோமே, எடையைக் கிலோவில் எடுத்து மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, அது 40-க்கு மேல் இருக்க வேண்டும்; அல்லது சர்க்கரை முதலிய நோய்களோடு 35-க்கு மேல். அறுவை மருத்துவர் மட்டும் முடிவு செய்தால் போதாது. உணவியல், மனநல வல்லுநர்களும் பார்க்க வேண்டும். பிறகு ஆயுள் முழுக்கத் தொடர்பில் இருக்க வேண்டும்.

1994-ல் விட்குரோவ், கிளார்க் குழுவினர் சிறு துளைகள் வழியாகவே பைபாஸ் செய்ததை அறிவித்தார்கள். 1995-ல் வட கரோலினாவின் வால்டர் போரீஸ், சர்க்கரை நோயும் இதனால் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வருகிறது என்று எழுதியது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இரைப்பையைச் சட்டைக் கை மாதிரி குறுக்கும் "ஸ்லீவ்" முதலில் பெரிய ஆபரேஷனின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. அதிலேயே பலர் போதிய அளவு இளைத்ததால் தனி முறையாயிற்று. இன்று உலகில் அதிகம் நடப்பது அதுதான்.

முன்னால்

இன்றைய ஆயத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் போல மிகக் குறைந்த கலோரி உணவு தருகிறார்கள். பருத்தவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்து, அது வீங்கி இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும். பட்டினி போட்டால் சுருங்கி வழிவிடும். புகைப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தையல் ஆறாது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். (குறட்டைக்காரர்கள் கவனிக்க!) மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ரத்தத்தில் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவையும் முன்கூட்டியே சரிசெய்வார்கள்.

பின்னால்

முன்பெல்லாம் ஆபரேஷன் என்றால் நாள்கணக்கில் படுக்கைதான். டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990-களில் குடல் ஆபரேஷனில் காட்டிய வழி இங்கேயும் வந்தது. அன்றைக்கே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்காமல் இருக்கத்தான் இந்த அவசரம். படபடப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல், கடும் வயிற்றுவலி இருந்தால் "வாயுவா இருக்கும்" என்று சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. தையல் கசிவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சாப்பாடு குழந்தைக்குப் பழக்குவது போலத்தான்: முதலில் நீர் ஆகாரம், பிறகு மசித்தது, பிறகு மெத்தென்ற உணவு, ஒன்றரை இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். தினம் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றால், சாதத்தை மலையாகக் குவித்து ரசம் ஊற்றும் நம் இலையில் இந்தக் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரியும். மூன்று மாதம் கழித்து முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் ஓயாத வாந்தியை அலட்சியம் செய்யக் கூடாது. தீட்டிய அரிசியே கதி என்றிருந்தவர்களுக்குப் பெரிபெரி நோயைக் கொண்டுவந்த அதே பி1 பற்றாக்குறை சில வாரங்களில் மூளையைத் தாக்கும். வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு. இளம்பெண்கள் ஒன்று ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 4,776 பேரைக் கவனித்த ஆய்வில் (2009) முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு 2007-ல் சொன்னது: ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களைவிடச் செய்துகொண்டவர்களிடம் மரணம் சுமார் கால் பங்கு குறைவு. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு வருஷத்தில் 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்தாவது வருஷத்தில் அது 25 சதவீதமாகிவிட்டது. கத்தி உதவும், காவலுக்கு நிற்காது.

2022-ல் உலக, அமெரிக்கச் சங்கங்கள் விதியைத் தளர்த்தின. பி.எம்.ஐ. 35 இருந்தாலே ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். 160 செ.மீ. உயரக்காரருக்கு அது சுமார் 70 கிலோ. நம்மில் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறோம்! அதற்காக எல்லோரும் மேசையில் படுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நடை, உணவு, மருந்து, 2021-க்குப் பிறகு வந்த புதிய ஊசிகள் என்று வழிகள் பல உண்டு.

நண்பர்களே, யாராவது இதற்கு முடிவெடுத்தால் "எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகும்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அஞ்சு வருஷம் கழிச்சு என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பீங்களா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். அன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் ஈரலைப் பறிகொடுத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அது. மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: வகுப்பில் பருத்த தோழனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். அவன் உடம்பில் இருப்பது சோம்பேறித்தனமல்ல. உலகமே எழுபது வருஷமாக மல்லுக்கு நிற்கும் ஒரு நோய்.

எல்லோரும் நலமாக இருந்து அடுத்த சந்திப்பிலும் கூடுவோம்!